ஒற்றைக் காலில் பத்து நொடி

நெருள் மைதானத்தில்

நவி மும்பையில் நெருள் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஹார்பர் லைனில் பன்வெல் போகும் ரயிலில் ஏறினால் நெருளில் இறங்கலாம். அங்கே ஒரு பெரிய மைதானம் உண்டு. அதன் பெயர் டி.ஒய். பாட்டீல் மைதானம்.

2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்த மைதானத்தில் பெண்கள் உலகக் கோப்பை கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. இந்தியாவும் வங்கதேசமும் ஆடின. அன்று மழை. தரை ஈரமாக இருந்தது.

பிரதிகா ராவல் இந்திய அணியின் தொடக்க ஆட்டக்காரர். அவர் பந்தைத் தடுக்க ஓடினார். அப்போது கால் மடங்கியது. முழங்காலிலும் கணுக்காலிலும் அடிபட்டது. அதன்பின் அந்தப் போட்டித் தொடரில் அவரால் ஆட முடியவில்லை. அவர் இடத்தில் ஷஃபாலி வர்மா வந்தார்.

நவம்பர் 2-ஆம் தேதி அதே மைதானத்தில் இறுதி ஆட்டம் நடந்தது. ஷஃபாலி 87 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா 52 ஓட்டங்களில் தென்னாப்பிரிக்காவை வென்றது. இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வாங்கியது அதுதான் முதல் தடவை. பிரதிகா சக்கர நாற்காலியில் வந்து அந்த மகிழ்ச்சியில் கலந்துகொண்டார்.

ஒரு நொடி கால் மடங்கியது. உலகக் கோப்பை இறுதி ஆட்டம் கைவிட்டுப் போனது.

கால் மடங்குவது விளையாட்டு வீரருக்கு மட்டும் வருவதில்லை. மாடிப்படி ஏறி இறங்குபவருக்கும் வரும். மூட்டை தூக்குபவருக்கும் வரும். அவர்களுக்கு அன்றாடக் கூலியே போய்விடும்.

யாருக்குக் கால் மடங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? ஓரளவு முடியும். எப்படி என்று பார்ப்போம்.

அம்மாவும் மகளும்

நெருளில் ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பு தாராவியில் இருந்தவர்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஆடும்போது மகளின் இடது கால் மடங்கியது. கணுக்கால் வீங்கியது. பக்கத்து வீட்டுப் பாட்டி எண்ணெய் தேய்த்து சுளுக்கு வழித்தார். பத்து நாளில் வீக்கம் வடிந்தது. வலியும் போனது. மகள் மறுபடியும் ஆடப் போனாள்.

விளையாட்டு டீச்சர் அவளைச் சேர்க்கவில்லை. “முதலில் காலைச் சோதித்துக்கொண்டு வா” என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அம்மாவும் கூடப் போனார். அங்கே பிசியோதெரபி பார்க்கும் மேடத்துக்குத் தமிழ் தெரியும். செம்பூரில் பிறந்து வளர்ந்தவர்.

“வலியே இல்லைன்னு சொல்றா மேடம். அப்புறம் எதுக்குச் சோதனை? நான் ஒரு நாள் போகலைன்னா சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க” என்றார் அம்மா.

“வலி போயிடுச்சும்மா. ஆனா கால் பழைய மாதிரி ஆயிடுச்சா? அதைத்தான் பார்க்கணும்” என்றார் மேடம்.

அம்மாவுக்கு இது புரியவில்லை. வலி போனால் கால் சரியாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

கணுக்கால் எப்படி மடங்குகிறது?

கணுக்காலில் பல எலும்புகள் சேர்கின்றன. அவற்றைக் கயிறு போலக் கட்டி வைத்திருப்பவை தசைநார்கள்.

பாதம் உள்பக்கமாக மடங்கினால், வெளிப்பக்கத் தசைநார் இழுபடும். சில சமயம் கிழியும். இதைத்தான் சுளுக்கு என்கிறோம். நரம்பு பிசகிவிட்டது என்றும் சொல்கிறோம். உண்மையில் பிசகியது நரம்பு அல்ல. இழுபட்டது தசைநார்.

தசைநார் வெறும் கயிறு அல்ல. அதற்குள் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. பாதம் எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவை மூளைக்குச் செய்தி அனுப்பும். உடனே மூளை தசைகளை இறுக்கிப் பாதத்தை நேராக்கும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும்.

கால் ஒரு தடவை மடங்கினால் இந்தச் செய்தி வேலையும் கெடும். செய்தி தாமதமாகப் போகும். தசை இறுகுவதற்குள் பாதம் மறுபடியும் மடங்கிவிடும். வீக்கம் வடிந்த பிறகும் இந்தக் குறை இருக்கலாம். அதனால்தான் ஒரு தடவை மடங்கிய கால் மறுபடியும் மறுபடியும் மடங்குகிறது.

நிற்பதும் ஒரு வேலைதான்

சும்மா நிற்கிறோம் என்று சொல்கிறோம். உடம்பு சும்மா இருப்பதில்லை. மூன்று பேர் சேர்ந்து நம்மை நிற்க வைக்கிறார்கள்.

முதல் ஆள் கண். எது நேர், எது சாய்வு என்று கண் பார்க்கிறது.

இரண்டாம் ஆள் உள்காது. தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது சொல்கிறது.

மூன்றாம் ஆள் காலும் பாதமும். தசை, மூட்டு, பாதத்தோல் எல்லாம் செய்தி அனுப்புகின்றன.

கண்ணை மூடினால் முதல் ஆள் போய்விடுவார். மற்ற இரண்டு பேரும் அதிகமாக வேலை செய்ய வேண்டும். கால் அனுப்பும் செய்தியில் குறை இருந்தால் அப்போது உடம்பு தள்ளாடும்.

இது பழைய உண்மை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ராம்பெர்க் என்ற மருத்துவர் இருந்தார். நோயாளியின் பாதங்களைச் சேர்த்து வைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் என்ன ஆகிறது என்று அவர் எழுதி வைத்தார். நரம்பு நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் இன்றும் அந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

எடை மெஷின் போல ஒரு தட்டு

மேடம் மகளை ஒரு தட்டின் மேல் ஏறச் சொன்னார். ரயில் நிலையத்தில் எடை பார்க்கும் மெஷின் தெரியும் அல்லவா? பார்ப்பதற்கு அதன் அடிப்பாகம் போலத்தான் இருந்தது.

எடை மெஷின் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்லும். இந்தத் தட்டு அதற்கு மேலும் சொல்லும். இதன் நான்கு மூலைகளிலும் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. நாம் முன்னால் சாய்ந்தால் முன் மூலைகளில் அழுத்தம் கூடும். வலப்பக்கம் சாய்ந்தால் வல மூலைகளில் கூடும்.

இந்த நான்கு அழுத்தங்களையும் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். உடம்பின் அழுத்தம் எந்த இடத்தில் விழுகிறது என்று ஒரு புள்ளி வைக்கும். உடம்பு ஆட ஆட அந்தப் புள்ளி நகரும். நகர்ந்த பாதை திரையில் கோடாகத் தெரியும்.

ஆட்டம் குறைந்தால் கோடு சின்ன இடத்தில் அடங்கும். ஆட்டம் கூடினால் கோடு பரவிப் பரவிப் போகும்.

மகள் முதலில் வலது காலில் நின்றாள். கோடு ஒரு எலுமிச்சம்பழ அளவில் அடங்கியது. பிறகு இடது காலில் நின்றாள். கோடு இங்கும் அங்கும் ஓடியது. கண்ணை மூடியதும் மகள் தடுமாறிக் காலை ஊன்றிவிட்டாள்.

அம்மா திரையைப் பார்த்தார். “நடுங்குற கையால போட்ட கோலம் மாதிரி இருக்கே” என்றார்.

“சரியாச் சொன்னீங்கம்மா. வலி இல்லாத காலுதான் அது” என்றார் மேடம்.

அம்மா ஒன்றும் பேசவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். அங்கே கூடைப்பந்து ஆடும் பள்ளிப் பிள்ளைகள் 210 பேரை ஆய்வாளர்கள் இப்படிச் சோதித்தார்கள். ஆட்டக் காலம் தொடங்கும் முன்பே சோதித்தார்கள். பிறகு யாருக்குக் கணுக்கால் மடங்கியது என்று கணக்கெடுத்தார்கள். அந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அதிகம் தள்ளாடியவர்களுக்கு, நன்றாக நின்றவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு கணுக்கால் காயம் ஏற்பட்டிருந்தது.

தட்டு விலை அதிகம். எல்லா ஊரிலும் கிடைக்காது. கருவி இல்லாமல் சோதிக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 230 வீரர்களை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். நிற்க முடியாதவர்களுக்குக் கணுக்கால் மடங்கும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. அந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவில்லை. நன்றாக நிற்பவருக்கும் ஈரத் தரையில் கால் மடங்கலாம். தள்ளாடுபவருக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். இந்தச் சோதனை ஜாதகம் அல்ல. யார் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

சுவர் ஓரமாக நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் துணைக்கு இருக்கட்டும். செருப்பைக் கழற்றுங்கள்.

ஒரு காலைத் தரையிலிருந்து தூக்குங்கள். தூக்கிய கால் மற்றக் காலைத் தொடக் கூடாது. கண் திறந்தபடி பத்து நொடி நில்லுங்கள். துணைக்கு இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்து நொடி நில்லுங்கள். அடுத்த காலிலும் இதையே செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியவை இவை:

தூக்கிய கால் தரையில் பட்டதா?

ஊன்றிய பாதம் இடம் மாறியதா?

ஒரு காலுக்கும் மற்றக் காலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா?

ஆம் என்றால் அந்தக் காலுக்குப் பயிற்சி தேவை.

வயதானவர்களும், தலைசுற்றல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் கண்ணை மூடிச் சோதிக்க வேண்டாம். கணுக்கால் இப்போது வீங்கியிருந்தால் யாருமே இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

பழகினால் வரும்

நிற்கும் திறன் பிறவியில் வந்ததோடு நின்றுவிடுவதில்லை. பழகினால் கூடும்.

2006-இல் அமெரிக்காவில் இன்னோர் ஆய்வும் வெளிவந்தது. கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடும் பள்ளிப் பிள்ளைகள் 765 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினர் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வழக்கம் போல ஆடினார்கள். வழக்கம் போல ஆடியவர்களில் 100-க்கு 10 பேர் அளவில் கணுக்கால் மடங்கியது. பயிற்சி செய்தவர்களில் அது 100-க்கு 6 பேர் அளவில்தான் இருந்தது.

மேடம் மகளுக்கு ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுத்தார்:

முதல் வாரம்: தரையில், கண் திறந்து, ஒவ்வொரு காலிலும் 30 நொடி.

இரண்டாம் வாரம்: தரையில், கண் மூடி, 30 நொடி.

மூன்றாம் வாரம்: மடித்த கம்பளியின் மேல், கண் திறந்து, 30 நொடி.

நான்காம் வாரம்: கம்பளியின் மேல் நின்றபடி பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு மொத்தம் பத்து நிமிடம். ஒரு வாரத்தில் ஐந்து நாள். முதல் படி நன்றாக வந்த பிறகுதான் அடுத்த படி.

“சின்ன வயசுல நாங்க நொண்டி ஆடுவோம். பாண்டி ஆடுவோம். அதுவும் ஒத்தக் கால்தானே?” என்று அம்மா கேட்டார்.

“அதேதாம்மா. அந்த ஆட்டம் எல்லாம் நல்ல பயிற்சி” என்றார் மேடம்.

கால் மடங்கிவிட்டால்

கால் மடங்கிய உடனே என்ன செய்ய வேண்டும் என்றும் மேடம் சொன்னார்.

ஆட்டத்தையோ வேலையையோ நிறுத்த வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்க வேண்டும். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. துணிக் கட்டு போட வேண்டும். கட்டு மிகவும் இறுகக் கூடாது. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தித் தேய்க்கக் கூடாது. இழுக்கக் கூடாது. வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். இவற்றால் வீக்கம் கூடும்.

நான்கு அடி கூட நடக்க முடியவில்லையா? கணுக்காலின் இரு பக்கமும் மேடாகத் தெரியும் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? எலும்பு முறிந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும். கனடாவில் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் இந்த அடையாளங்களை வகுத்தார்கள். இன்று பல நாடுகளில் இவற்றைப் பார்த்துத்தான் எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்கிறார்கள்.

அம்மாவின் கால்

புறப்படும்போது மகள் அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, நீயும் ஏறி நில்லு. போன மழைக்காலத்துல உனக்கும் கால் மடங்குச்சுல்ல?”

“எனக்கு எதுக்குடி? நானா கபடி ஆடப் போறேன்?” என்றார் அம்மா.

மேடம் விடவில்லை. “எத்தனை தடவை மடங்குச்சும்மா?” என்று கேட்டார்.

அம்மா யோசித்தார். முதல் தடவை வேலை பார்க்கும் கட்டடத்தின் ஈரப் படியில் மடங்கியது. ஒரு வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. ஒரு வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பிறகு இரண்டு தடவை மடங்கியது. இரண்டு தடவையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். கட்டுப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போனார்.

அம்மா தட்டின் மேல் ஏறினார். வலது காலில் நின்றார். நான்கு நொடியில் காலை ஊன்றிவிட்டார். மகளின் கோட்டைவிட அம்மாவின் கோடு அதிகமாகப் பரவியிருந்தது.

“பாப்பாவுக்கு ஆட்டம் போகும். உங்களுக்குச் சம்பளம் போகும். ரெண்டு பேரும் சேர்ந்தே பழகுங்க” என்றார் மேடம்.

மகள் அந்த மாதம் நடந்த போட்டியில் ஆடவில்லை. முதல் இரண்டு நாள் அழுதாள். பிறகு தாளை எடுத்துச் சுவரில் ஒட்டினாள். தினமும் சாயங்காலம் நின்று பழகினாள்.

அம்மா காலையில் பழகினார். அரிசி கொதிக்கும் நேரத்தில் அடுப்பை விட்டுத் தள்ளி நிற்பார். சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பார். முதலில் நான்கு நொடி. பிறகு ஏழு நொடி. ஒரு நாள் விரலை எடுத்துவிட்டுப் பத்து நொடி நின்றார். மகள் கை தட்டினாள்.

ஆறு வாரம் கழித்து மகளுக்கு மறுபடியும் சோதனை நடந்தது. இடது காலின் கோடும் இப்போது சின்ன இடத்தில் அடங்கியது. டீச்சர் அவளை ஆட்டத்தில் சேர்த்தார். கணுக்காலில் பட்டை போட்டுக்கொண்டு ஆடச் சொன்னார்.

அம்மா இன்னும் பழகுகிறார். மழை நாளில் படி இறங்கும்போது கைப்பிடியையும் விடுவதில்லை.

வலி போவது பாதிக் குணம். கால் நிற்கப் பழகுவது மீதிக் குணம்.

பதில் சொல்லுங்கள்

1. வலி போன பிறகும் கணுக்கால் மறுபடியும் மடங்குவது ஏன்?

2. நம்மை நிற்க வைக்கும் மூன்று பேர் யார்?

3. எடை மெஷினுக்கும் சோதனைத் தட்டுக்கும் என்ன வித்தியாசம்?

4. கால் மடங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் என்னென்ன செய்யக் கூடாது?

5. கால் மடங்கியதை அம்மா ஏன் யாரிடமும் சொல்லவில்லை? உங்கள் ஊரிலும் இப்படி நடக்கிறதா? சேர்ந்து பேசுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி எழுதுங்கள். இரண்டாம் கட்டத்தில் வலது காலில் எத்தனை நொடி நின்றீர்கள் என்று எழுதுங்கள். மூன்றாம் கட்டத்தில் இடது காலுக்கு எழுதுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இப்படி ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து முதல் நாள் எழுதிய எண்ணையும் கடைசி நாள் எழுதிய எண்ணையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.